பையன் போர்ச்சுகல்ல நாலாவது டிவிஷன்ல ஆடப் போறேங்கறான், விடலாமா?

வணக்கம்மா, நீங்க எழுதினத முழுசா படிச்சேன். போர்ச்சுகல்ல பிராகாங்கற ஊர்ல குடும்பமா இருக்கீங்க, தம்பிக்கு 17, பன்னெண்டாவது முடிக்கப் போறான், சென்ட்ரல் மிட்ஃபீல்டர், கம்பியோனாத்து டி போர்ச்சுகல்ங்கற நாலாவது டிவிஷன் லீக்ல ஆடற ஒரு கிளப் சீனியர் டீமுக்கு கூப்பிடுது, அவன் காலேஜே வேணாங்கறான், அவங்கப்பா அவன்கிட்ட பேசறதையே நிறுத்திட்டாரு. என் பதில முதல்லயே சொல்லிடறேன். ஆட விடுங்க, ஆனா காலேஜ் சீட்டையும் விடாதீங்க. ரெண்டும் சேர்ந்து நடக்கும், அங்க அந்த லெவல்ல ஆடற நிறைய பேர் வாழ்க்கையே அப்படித்தான் ஓடுது.

முதல்ல அவன் எந்தப் படியில நிக்கறான்னு பாருங்க. மேல பிரிமெய்ரா லீகா, அதுக்குக் கீழ லீகா 2, இது ரெண்டும் தான் முழு ப்ரொஃபஷனல். 2021ல ஃபெடரேஷன் லீகா 3ன்னு ஒண்ணு ஆரம்பிச்சதும் கம்பியோனாத்து நாலாவது படிக்குப் போயிடுச்சு, அதுக்கும் கீழ ஜில்லா லீக். நாலாவது படியில பல கிளப்ல பகல்ல எல்லாரும் வேற வேலைக்குப் போயிட்டு ராத்திரி ஏழு ஏழரைக்கு மேல தான் லைட்ட போட்டு செயற்கைப் புல்லுல ட்ரெயினிங், ஞாயித்துக்கிழமை மத்தியானம் மேட்ச். கால்டாஸ்னு ஒரு கிளப், அமெச்சூர் பசங்கள வெச்சே 2017-18ல தாசா டி போர்ச்சுகல்ங்கற நாட்டுக் கப் போட்டில செமிஃபைனல் வரைக்கும் போச்சு. அதுல அவங்கள தோக்கடிச்ச ஆவெஸ் கிளப், ஃபைனல்ல ஸ்போர்ட்டிங்ங்கற பெரிய கிளப்பையும் 2-1னு ஜெயிச்சு கப் வாங்குச்சு, ஆனா ரெண்டே வருஷத்துல பணமில்லாம ப்ரொஃபஷனல் லீக்ல இருந்தே காணாம போச்சு. கால்டாஸ் லீகா 3 ஆரம்பிச்சப்ப அதுல ஆடுச்சு.

இத ஏன் சொல்றேன்னா, பெரிய இன்வெஸ்டர் வந்திருக்காரு, அடுத்த வருஷம் மேல போயிடுவோம்னு சொல்ற கிளப்ப விட, கொஞ்சமா குடுத்தாலும் தேதிக்கு குடுக்கற பழைய ஊர் கிளப் இந்த வயசுக்கு எவ்வளவோ மேல். 2012 ஏப்ரல்ல யுனியாவ் டி லெய்ரியா, அதுவும் முதல் டிவிஷன் கிளப், மாசக்கணக்கா சம்பளம் வராம ப்ளேயர்ஸ் கான்ட்ராக்ட முறிச்சிட்டு போயிட்டாங்க, ஃபெய்ரென்ஸ் கூட மேட்சுக்கு இறங்க எட்டே பேர் தான் இருந்தாங்க. முதல் டிவிஷன்லயே இப்படி நடந்திருக்குன்னா நாலாவதுல வாய் வார்த்தைய நம்பி இறங்கவே கூடாது.

அதனால பேப்பர பாருங்க. ஒர்க் கான்ட்ராக்டா, இல்ல மாசாமாசம் போக்குவரத்துச் செலவுன்னு ஏதோ ஒரு தொகைய கையில குடுக்கறாங்களா? கான்ட்ராக்ட்னா சம்பள ஸ்லிப் வரும், அதுல சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம் தனி லைனா இருக்கும். அந்த ஒரு லைன் இல்லன்னா நாளைக்கு முட்டி லிகமென்ட் போச்சுன்னா அரசாங்கக் கணக்குல அவன் வேலையே பார்க்கல. 2025ல அங்க மினிமம் சம்பளம் மாசம் 870 யூரோவா இருந்துச்சு, இப்ப எவ்வளவுன்னு கேட்டு கிளப் சொல்ற தொகைய அதோட ஒப்பிட்டுப் பாருங்க. சட்டப்படி ஸ்போர்ட்ஸ் கான்ட்ராக்ட் குறைஞ்சது ஒரு சீசன், அதிகபட்சம் அஞ்சு, 18 ஆகாத பையன்னா மூணு தான், அதுலயும் உங்க கையெழுத்து இல்லாம செல்லாது. எனக்குக் கேட்டா ஒரு சீசனுக்கு மட்டும் போடுங்க. சீசன் ஜூன் 30ல முடியும், அன்னிக்கு கான்ட்ராக்ட் முடியற எல்லாரும் வேலை இல்லாதவங்க தான், ப்ளேயர்ஸ் யூனியன் அவங்களுக்குன்னே கோடையில தனியா ட்ரெயினிங் கேம்ப் நடத்துது, அந்த அளவுக்கு இது அங்க சகஜம். அந்த யூனியன்ல தம்பி முதல் நாளே மெம்பர் ஆகட்டும்.

அப்புறம் மிட்ஃபீல்டர்ங்கறதால ஒரு விஷயம். ஸ்ட்ரைக்கர்னா கோல் கணக்கு அவனுக்காகப் பேசும். நடுவுல நின்னு பந்தப் பிடுங்கி பக்கத்துல குடுக்கறவன பத்தி ரெக்கார்டுல எதுவும் வராது, எத்தனை நிமிஷம் ஆடினான்ங்கறது மட்டும் தான் வரும். அதனால பெரிய பேர் கிளப்ல பெஞ்சுல உக்கார்றத விட இங்க 90 நிமிஷம் ஆடறது நல்லது, மேட்ச் வீடியோவ அவனே எடுத்து வெச்சுக்கணும்.

தம்பி கண்டிப்பா மதேயுஸ் நூனெஸ் பேர சொல்லுவான். உண்மை தான், அவரும் மிட்ஃபீல்டரா வந்தவரு தான், எரிசெய்ராங்கற ஊர்ல பேக்கரில வேலை பார்த்துட்டே ஊர் கிளப்புக்கு ஆடினவரு, 2018ல எஸ்தோரில் கிளப்போட அண்டர் 23 டீம், 2019 ஜனவரில ஸ்போர்ட்டிங், 2022ல வுல்வ்ஸ், 2023ல மான்செஸ்டர் சிட்டி. அவன் சொல்லும்போது குறுக்க பேசாதீங்க, அந்தக் கனவு தான் அவன தினமும் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போகுது. ஆனா பெரிய கோச் மௌரிஞ்ஞோ கதையையும் சொல்லுங்க. சின்ன சின்ன கிளப்ல ஆடின சாதாரண ப்ளேயர், லிஸ்பன்ல ஸ்போர்ட்ஸ் சயன்ஸ் படிச்சாரு, ஸ்கூல்ல பிடி மாஸ்டரா இருந்தாரு, அந்தப் படிப்பு தான் அவர எங்கயோ கொண்டு போச்சு.

படிப்புல முக்கியமா பார்க்க வேண்டியது டைம்டேபிள். ட்ரெயினிங் ராத்திரின்னா பகல் கிளாஸ் தான் எடுக்கணும், வேலைக்குப் போறவங்களுக்குன்னு இருக்கற சாயங்கால கோர்ஸ் ட்ரெயினிங்கோட நேரா மோதும். நாளைக்கு லீகா 2க்குப் போனா ட்ரெயினிங் காலையில வந்துடும், அப்ப அதே சாயங்கால கோர்ஸ் கை குடுக்கும். 2019ல காலேஜ் ஸ்டூடண்ட்-அத்லெட்டுக்குன்னு தனி சட்டமே வந்திருக்கு, தகுதி இருந்தா லீவு, வேற நாள்ல எக்ஸாம்னு சலுகை உண்டு, தம்பிக்கு அது பொருந்துமான்னு உங்க ஊர் மின்யோ யுனிவர்சிட்டில நேர்ல போய் கேளுங்க. மூணு வருஷ டிகிரி பாரம்னு நினைச்சா பாலிடெக்னிக்ல ரெண்டு வருஷ டெக்னிக்கல் கோர்ஸ் இருக்கு. படிச்சுக்கிட்டே யூயேஃபா சிங்கற கோச்சிங் லைசென்ஸ் முடிச்சா குட்டிப் பசங்களுக்கு கோச்சா கொஞ்சம் வருமானமும் வரும். இப்ப காலேஜ விட்டாலும் 23 வயசுக்கு மேல வர்றவங்களுக்குத் தனி வழி இருக்கு, ஆனா அத நம்பி இப்ப விட வேணாம்.

ஊர்ல இருந்து உங்க சொந்தக்காரர் அவர் பையனையும் அங்க ட்ரையலுக்கு அனுப்பலாமான்னு கேட்டதா எழுதியிருந்தீங்க. வேணாம்னு அழுத்தமா சொல்லுங்க. 18க்கு கீழ இருக்கற பசங்கள வேற நாட்டு கிளப் எடுக்கறத ஃபிஃபா தடுத்திருக்கு, பெத்தவங்க ஃபுட்பால் இல்லாத வேற காரணத்துக்காக அங்க குடிபோனா மாதிரி சில விதிவிலக்கு தான், உங்க பையன் அப்படித்தான் ஆடறான். 2023 ஜூன்ல உங்க பக்கத்துல ரீபா டி ஆவெல ஒரு அகாடமில ரெய்டு நடந்து நிறைய பசங்கள மீட்டாங்க, வெளிநாட்டுப் பசங்க, பாஸ்போர்ட்ட பிடுங்கி வெச்சிருந்தாங்கன்னு செய்தி வந்துச்சு. ஏஜென்ட் முன்பணம் கேட்டா அங்கயே பேச்ச நிறுத்திடணும்.

இப்போதைக்கு ஒரு வேலை. காலேஜ் சேர எழுதற நேஷனல் எக்ஸாம் ஜூன்ல, அதுக்கு அவன் பேர் பதிவாகியிருக்கான்னு ஸ்கூல்ல பாருங்க. கிளப்புக்கு அவங்கப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, ஒரு ராத்திரி ட்ரெயினிங்க அவர் ஓரமா நின்னு பார்க்கட்டும். கான்ட்ராக்ட் கைக்கு வந்ததும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி யூனியன்ல காட்டிட்டு எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்கம்மா, வரிக்கு வரி சேர்ந்து பார்க்கலாம்.