மார்ஜின் பாசிட்டிவ்னா கேன்சர உள்ளயே விட்டுட்டாங்களா?

கேள்வி: டாக்டர், எங்கப்பாவுக்கு கணையத்தோட தலைப்பகுதியில கேன்சர். அந்தத் தலைப்பகுதிய ஒட்டின சிறுகுடலோட சேத்து எடுக்குற விப்பிள் ஆபரேஷன் ஆகி மூணு வாரம் ஆகுது. கட்டிய முழுசா எடுத்தாச்சுன்னு சர்ஜன் சொன்னாரு, ஆனா பயாப்ஸி ரிப்போர்ட்ல ஆர்1, மார்ஜின் பாசிட்டிவ்னு போட்டிருக்கு. யாரு சொல்றது நிஜம்? திரும்ப ஆபரேஷன் பண்ணி எடுக்க முடியாதா? எத்தன நாள் இருப்பாருன்னு கேக்கவே பயமா இருக்கு.

பதில்: ரெண்டுமே நிஜந்தாம்மா. கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டி எதையும் சர்ஜன் விட்டுவைக்கல, விட்டிருந்தா அதுக்கு ஆர்2னு பேரு. ஆர்1னா வெட்டி எடுத்த துண்டோட ஓரத்துல, அதாவது மார்ஜின்ல, மைக்ராஸ்கோப்ல மட்டும் தெரியிற அளவுக்கு கேன்சர் செல் இருக்குன்னு அர்த்தம்.

லேப்ல அந்தத் துண்டோட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கலர் மை தடவி, மெல்லிசா சீவி, எந்தக் கலர்ல இருந்து எத்தன மில்லிமீட்டர் தள்ளி செல் இருக்குன்னு அளக்குறாங்க. சில நாடுகள்ல செல் அந்த மைய தொட்டாத்தான் பாசிட்டிவ், பிரிட்டன் முறையில 1 மி.மீ.க்குள்ள இருந்தாலே பாசிட்டிவ். இப்படி உன்னிப்பா பாக்க ஆரம்பிச்ச பிறகு ஆர்1 எண்ணிக்கை மளமளன்னு ஏறிடுச்சு, அதுக்காக சர்ஜன்லாம் திடீர்னு மோசமாயிட்டாங்கன்னு இல்ல. ஜெர்மனி ஹைடெல்பெர்க்ல இருந்து 2017ல வந்த ஆய்வுல 561 பேர்ல சுமார் 20% பேருக்குத்தான் 1 மி.மீ. சுத்தமான ஓரம் கிடைச்சுது.

அதே ஆய்வுல 5 வருஷம் தாண்டினவங்க, சுத்தமான ஓரம் இருந்தவங்கள்ல சுமார் 38%, 1 மி.மீ.க்குள்ள இருந்தவங்கள்ல 30%, ஓரத்தையே தொட்டிருந்தவங்கள்ல 20%. வித்தியாசம் இருக்கு, மறைக்கல. ஆனா ஆர்1னு போட்டாலே எல்லாம் முடிஞ்சுதுன்னு அந்தக் கணக்கு சொல்லல, அதனால உங்க ரிப்போர்ட்ல எந்த ஓரம், எத்தன மி.மீ., நெறிக்கட்டியில எத்தனைல பரவியிருக்குன்னு டாக்டர்கிட்ட உக்காந்து கேளுங்க.

திரும்ப ஆபரேஷன் வேண்டாம். பெரும்பாலும் பாசிட்டிவ் ஆகுற இடம் கணையத்துக்குப் பின்பக்கமும், குடலுக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய தமனிய ஒட்டின பக்கமும்தான், அங்க இன்னும் கொஞ்சம் வெட்டிக்கலாம்னு வெட்ட முடியாது, தமனி போனா குடலே போயிடும். அதுவுமில்லாம இந்த நோய் பல பேருக்கு ஓரத்துல மட்டும் திரும்ப வர்றதில்ல, கல்லீரல்லயும் வருது, கத்தி அதுக்கு பதிலே இல்ல.

பதில் கீமோதான். 2018ல வந்த பிரான்ஸ்-கனடா ஆய்வுல, ஆபரேஷனுக்கப்புறம் தெம்பா இருந்தவங்களுக்கு மாத்தி அமைச்ச ஃபோல்ஃபிரினாக்ஸ்ங்கிற பல மருந்து சேர்ந்த கீமோ குடுத்தப்ப பாதிப்பேர் 54 மாசம் தாண்டினாங்க, ஜெம்சிடபின்ங்கிற ஒரே கீமோ மருந்து மட்டும் குடுத்தவங்கள்ல அது 35 மாசம். அதுல ஆர்1 ஆளுங்களும் நெறைய பேர் இருந்தாங்க. அப்பாவுக்கு எது தாங்கும்னு அவரோட கேன்சர் டாக்டர்தான் முடிவு பண்ணணும். அவசரப்பட்டு நாலாவது வாரமே ஆரம்பிச்சு பாதியில நிறுத்துறதவிட, தேறினதும் 12 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சு முழுசா முடிக்கிறதுதான் முக்கியம்.

அதனால இப்ப உங்க கவனமெல்லாம் அவரோட எடை மேல இருக்கட்டும். மலம் எண்ணெய் மாதிரி மிதந்தா செரிமான என்சைம் பத்தல, அந்த என்சைம் கேப்சூல சாப்பாட்டுக்கு முன்னாடியோ பின்னாடியோ மொத்தமா போடாம சாப்பிட்டுட்டே இருக்கும்போது குடுக்கச் சொல்வாங்க, டோஸ் கூட்டணுமான்னு கேளுங்க. சுகரையும் அடிக்கடி பாருங்க.