புள்ளி அயிரைக்கு வெள்ளைப் புள்ளி: மருந்துக்கு முன்னால் காற்று

கேள்வி: ஐயா, நான் பர்மாவில், மோல்மேனில் இருக்கிறேன். வீட்டில் 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி வைத்து மூன்று வாரம் ஆகிறது. ரங்கூனிலிருந்து வரவழைத்து 3 புள்ளி அயிரை விட்டேன். போட்டியா கூபோதாய் என்று பெயர் சொன்னார்கள். கூட்டமாகத் திரியும் என்றார்கள், ஆனால் ஒன்று மற்ற இரண்டையும் துரத்திக்கொண்டே இருந்தது. பிறகு மூன்றின் உடம்பிலும் உப்பு தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்துவிட்டது. கடைக்காரர் கொடுத்த மருந்தில் மாலக்கைட் கிரீனும் ஃபார்மலினும் இருப்பதாகப் போட்டிருக்கிறது. பாட்டிலில் சொன்ன அளவை அப்படியே சாயங்காலம் ஊற்றினேன். ராத்திரி கரண்ட் போய், கேனிஸ்டர் ஃபில்டர் நின்றுவிட்டது. விடிந்து பார்த்தால் ஒன்று செத்துக் கிடக்கிறது. மீதி இரண்டில் ஒன்று கட்டைக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இரண்டாவது டோஸ் ஊற்றலாமா? இல்லை, கடைக்காரர் சொல்கிற தாமிர மருந்துக்கு மாறலாமா? தொட்டியில் இருப்பது சுத்தமாகப் பிடித்து வைத்த மழைத் தண்ணீர்தான்.

பதில்: தம்பி, தாமிர மருந்தைத் தொடவே தொடாதீர்கள். அயிரைக் குடும்பத்து மீன்களுக்குச் செதில் மிகப் பொடியாக இருக்கும். கெண்டை தாங்குகிற அளவை இவை தாங்காது. இருக்கிற மருந்தையே தொடரலாம். ஆனால் பாதி அளவு, காலை வேளையில், தொட்டியில் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்.

ஒருக்களித்துப் படுத்திருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். போட்டியா மீன்களின் வழக்கமே அது. நல்ல ஆரோக்கியத்தில், வயிறு நிறைய மேய்ந்துவிட்டுக்கூட அப்படிச் சாய்ந்து கிடக்கும். செவுளைப் பாருங்கள். நிதானமாகத் திறந்து மூடினால் ஓய்வெடுக்கிறது என்று அர்த்தம். படபடவென்று அடித்தாலோ, ஒரு பக்கத்துச் செவுள் மூடியே இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும். அதற்காக வலை போட்டு எடுத்துப் பார்க்காதீர்கள். கண்ணுக்குக் கீழே ஒரு முள்ளை மடித்து வைத்திருக்கும், பயந்தால் அதை நிமிர்த்தும். வலையில் அது மாட்டினால் விடுவிக்கிற பாட்டில் மீன் புண்ணாகிவிடும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் டம்ளருக்குள் ஓட்டி எடுங்கள்.

இன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டருக்குள் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். நாளைக் காலையிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், முதலில் டியூப் போட்டு மணலின் மேல் அழுக்கை உறிஞ்சி கால்வாசித் தண்ணீரை மாற்றி, அப்புறம் பாதி டோஸ். மணலை உறிஞ்சுவதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். நீங்கள் பார்க்கிற வெள்ளைப் புள்ளி மீனின் தோலுக்கு அடியில் இருக்கிறது, அங்கே மருந்து போகாது. முற்றிய கிருமி உதிர்ந்து மணலில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பிரியும். அப்படிப் பிரிந்த குஞ்சுகள் ஓரிரு நாள் நீந்தி மீனைத் தேடும்போதுதான் மருந்துக்கு அகப்படும். அதனால் புள்ளி மறைந்தவுடன் நிறுத்தக் கூடாது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். தண்ணீரைச் சூடாக்கும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உங்கள் ஊரில் அது ஏற்கனவே சூடாகத்தான் இருக்கிறது.

இனி, செத்த மீனுக்கு வருகிறேன். அதைக் கொன்றது வெள்ளைப் புள்ளி என்று நான் நினைக்கவில்லை. ராத்திரி மூச்சுத் திணறித்தான் செத்திருக்கும். 28 டிகிரித் தண்ணீர் முழுக்க நிறைந்தாலும் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும். 22 டிகிரியில் 8.7 பிடிக்கும். ஃபார்மலின் வேறு ஆக்சிஜனைத் தின்னும். வெள்ளைப் புள்ளி செவுளிலும் உட்கார்ந்திருக்கும், அதனால் மீனுக்கு மூச்சு வாங்கும் சக்தியே குறைந்திருந்தது. அந்த நிலையில் சாயங்காலம் முழு டோஸ், ராத்திரி கரண்டும் இல்லை. ரங்கூனுக்கு அருகே துவாந்தே பக்கம் குளத்தில் ரோகு மீன் வளர்க்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார், ஆக்சிஜன் மிகவும் இறங்குவது விடிவதற்குச் சற்று முன்னால் என்று. அந்த நேரத்தில் மீன் வாய் திறந்து மேலே வருகிறதா என்று அவர்கள் கரையில் நின்று பார்ப்பார்கள். 2 அடித் தொட்டியும் குளம்தான். தண்ணீர் குறைவு என்பதால் ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும்.

கரண்ட் நினைத்தபோது வந்து நினைத்தபோது போகிற ஊரில், தொட்டிக்கு வெளியே மூடிய பெட்டியாக வைக்கிற கேனிஸ்டர் ஃபில்டரை விற்பதை அநியாயம் என்றே சொல்வேன். அந்தப் பெட்டிக்குள் மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றித் தருகிற பாக்டீரியா இருக்கிறது. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். ஓட்டம் நின்றால் மூடிய பெட்டிக்குள் இருக்கிற ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். மணிக்கணக்கில் அப்படியே கிடந்தால் பாக்டீரியா சாகும், கழிவு அழுகும். விடியற்காலையில் கரண்ட் வந்ததும் அந்த நாறிய தண்ணீர் முழுவதும் மீனின் மேல் பாயும். வீட்டுக்காரர் ஃபில்டர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு நிம்மதியாகத் தூங்குவார். விலை கூடிய சாமான் என்பதற்காக அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். கரண்ட் நின்ற பிறகு அதை மறுபடி ஓட்டுவதற்கு முன் கழற்றி, உள்ளே இருக்கிற தண்ணீரைக் கொட்டுங்கள். இன்னும் நல்லது, விற்றுவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது இரண்டு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரும் பேட்டரியில் ஓடுகிற ஒரு ஏர் பம்பும். ஸ்பாஞ்ச் தொட்டித் தண்ணீரிலேயே திறந்து கிடப்பதால், காற்று நின்றாலும் கேனிஸ்டரைவிட வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். சோலார் வைத்திருக்கிற வீடு என்றால் வேலை சுலபம். இல்லையென்றாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று போதும். அது 84 வாட்-மணி. பாதியை மட்டும் செலவழித்தாலும் 3 வாட் பம்ப் 14 மணி நேரம் ஓடும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு பலகையில் வையுங்கள், கீழே வைத்தால் நின்ற நேரத்தில் தண்ணீர் டியூப் வழியாக இறங்கி பம்புக்குள் போய்விடும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு தடவை பிழிந்தால் போதும், அதுவும் வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி. பேட்டரியும் இல்லாத ராத்திரி வந்தால் தீவனம் போடாதீர்கள், எழுந்திருக்கிற போதெல்லாம் குவளையில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.

பாட்டிலில் பாக்டீரியா விற்கிறார்களே, அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். புதுத் தொட்டி பக்குவப்பட நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மூன்று வாரம் போதாது. அவசரமென்றால் நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கிற தெரிந்தவரிடம் அழுக்கேறிய ஒரு ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

மழைத் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. மோல்மேனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,800 மில்லிமீட்டர் மழை பெய்யும், அதனால் பீப்பாய் நிறையப் பிடித்து வைக்கிற ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்தே கிடையாது. ஃபில்டர் வேலை செய்யச் செய்ய அமிலம் சேரும். அதைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாததால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) சரிந்து, பாக்டீரியாவும் நின்றுவிடும். கிணற்றுத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். மாற்றத்தைச் சில வாரம் எடுத்து மெதுவாகச் செய்யுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த மீன் இந்தத் தொட்டியில் வாழுமா? வாழாது. புள்ளி போட்டியா உங்கள் பக்கத்து மீன்தான். உங்கள் ஊரில் வந்து சல்வீன் ஆற்றோடு சேர்கிற அத்தரான் ஆற்றின் மேல்நீரிலிருந்து வந்தது. 2004-ல் மீனியல் அறிஞர் கோட்டெலா அதற்குப் பெயர் வைத்தார். அது ஏறத்தாழ அரைச் சாண் வளரும், பல வருஷம் இருக்கும், தனக்குள் மூத்தது இளையது என்று வரிசை வைத்துக்கொள்ளும். ஆறேழு இருந்தால் பெரியதன் கோபம் எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சம் விழும். மூன்று இருந்தால் ஒன்று அரசனாகி மற்ற இரண்டும் தின்னவே பயப்படும். அந்தப் பயத்தில் இருக்கிற மீனுக்குத்தான் வெள்ளைப் புள்ளி முதலில் வரும். ஆறு போட்டியாவுக்கு 4 அடித் தொட்டி வேண்டும். உங்களுடையதில் மணலையும் மேல் இடைவெளியையும் கழித்தால் 55 லிட்டர்தான் தேறும். தொட்டியின் நீளத்தைக் கேட்காமல் மீனைப் பையில் போடுகிற கடைக்காரர் மீன் வியாபாரம் செய்யவில்லை, மருந்து வியாபாரம் செய்கிறார். மூன்று மீனில் கிடைக்காத லாபம் அவருக்கு மூன்று பாட்டிலில் கிடைத்துவிடுகிறது.

2 அடிக்குக் கூட்டமாகத் திரிகிற சின்ன அயிரை வேண்டும் என்றால், கடைகளில் இன்லே ஏரிக் குள்ள அயிரையைக் காட்டுவார்கள். அழகான மீன், நடுத்தண்ணீரில் கூட்டமாக மிதந்து திரியும். மலையூர்களான தவுங்ஜியிலோ கலோவிலோ இருப்பவர் தாராளமாக வாங்கலாம். இன்லே கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 880 மீட்டர் மேலே இருக்கிறது, அந்தக் குளிர் தண்ணீர்தான் அதற்குப் பழக்கம். மோல்மேனின் ஏப்ரல் வெயிலில் அதைத் தொட்டியில் வைப்பது பாவம்.

உங்களுக்கு நான் சொல்வது நம் அயிரையையே. மதுரைப் பக்கம் குழம்பு வைக்கிற அயிரைக்கு நெருங்கிய சொந்தமான லெபிடோசெஃபாலிக்திஸ் பெர்ட்மோரி பர்மாவிலேயே இருக்கிறது. சூட்டைத் தாங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி, குடலாலேயே மூச்சு வாங்கிக்கொள்ளும். மேலே வந்த வேகத்தில் கீழே போய் மணலில் உட்காரும், சற்று நேரத்தில் பின்பக்கத்திலிருந்து ஒரு குமிழி வரும். கரண்ட் இல்லாத ராத்திரியைத் தாண்ட இதைவிடப் பொருத்தமான மீன் எனக்குத் தெரிந்து இல்லை. போட்டியா மாதிரி சேர்ந்து அணிவகுத்து நீந்தாது. ஆனால் ஆறு எட்டாக விட்டால் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும், ஒன்று மேயக் கிளம்பினால் மற்றதும் கிளம்பும். இன்னும் மெல்லியதாக வேண்டுமென்றால் பாங்கியோ என்கிற அயிரை வகையை ஆறாக விடலாம்.

எதை விட்டாலும் கூரிய கல் வேண்டாம், சலித்துக் கழுவிய நைஸ் ஆற்று மணல் போடுங்கள். அயிரை ஒரு வாய் மணலை அள்ளி, தின்னக்கூடியதை வைத்துக்கொண்டு மீதியைச் செவுள் வழியாக உதிர்க்கும். கல்லில் அந்த வேலை நடக்காது, மீசையும் தேய்ந்துபோகும். தொட்டிக்கு மூடி போடுங்கள், ஆனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும், காற்று விழுங்க இடம் வேண்டும்.

இருக்கிற இரண்டு போட்டியாவும் குணமானதும் 4 அடித் தொட்டியில் கூட்டம் வைத்திருக்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள். சொந்த ஆறுதானே என்று அத்தரானில் விட்டுவிடாதீர்கள். கடைத் தொட்டியின் நோய் அதோடு ஆற்றுக்குப் போகும். அவை போன பிறகு தொட்டியை இரண்டு வாரம் மீனில்லாமல் ஓட்டினால், மிச்சமிருக்கிற வெள்ளைப் புள்ளிக் கிருமி மீன் கிடைக்காமல் செத்துவிடும். அந்த இரண்டு வாரமும் தினம் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு வாருங்கள், ஸ்பாஞ்சில் இருக்கிற பாக்டீரியா பட்டினி கிடக்கக் கூடாது. அதற்கப்புறம் முதலில் மூன்று அயிரை, பத்து நாள் பார்த்துவிட்டு மீதியை விடுங்கள்.