மொழி மாறினால் சிந்தனை மாறுமா?

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். வீட்டில் அவனுக்கு ஆங்கிலம்தான் முதலில் வாயில் வருகிறது, கூட்டாளிகளோடு மலாய். தமிழை விட்டால் தமிழனாகச் சிந்திக்கவே முடியாது என்கிறார் என் மாமனார். மொழி நம் சிந்தனையை அவ்வளவு ஆட்டிவைக்குமா?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அந்த அளவுக்கு ஆட்டிவைக்காது அம்மா. ஆனால் பழக்கிவிடும்.

அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடி மக்களின் மொழியில் காலத்துக்குச் சொல்லே இல்லை, அதனால் அவர்கள் காலத்தை உணரும் விதமே வேறு என்று 1930களில் பெஞ்சமின் லீ வொர்ஃப் என்ற மொழியியலாளர் எழுதினார். 1983இல் எக்கெஹார்ட் மலோட்கி என்ற இன்னொரு மொழியியலாளர் அதே மொழியின் காலச் சொற்களைத் தடிமனான ஒரு புத்தகமாகத் திரட்டி, வொர்ஃப் சொன்னது தவறு என்று காட்டிவிட்டார். சரி, அது போகட்டும்.

நமக்கு முக்கியமான சான்று தமிழிலேயே இருக்கிறது. 1990களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் ஆய்வு செய்தார். மேசையில் சில பொருட்களை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளை அப்படியே மறுபக்கம் திரும்பச் சொல்லி, அங்கே இருக்கும் இன்னொரு மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொல்வது, இதுதான் இந்த வகைச் சோதனை. கைக்கெட்டும் பொருளைக்கூட 'வடக்கால இருக்கு' என்று சொல்லிப் பழகிய கிராமத்தவர்கள் பெரும்பாலும் திசை மாறாமல் அடுக்கினார்கள், அதாவது வடக்கில் இருந்தது வடக்கிலேயே இருந்தது. இடது வலது என்று பேசும் நகரத்தவர்களோ தங்கள் கைப்பக்கத்தை வைத்து அடுக்கினார்கள். இரண்டு பேரும் தமிழர்கள்தான்! தமிழ் தெரிந்திருப்பது மட்டும் போதாது, அதை எதற்கெல்லாம் வாய்திறந்து பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்கு இதில் தெளிவாகப் படுகிறது. (வாழும் சூழல்தான் காரணம், மொழி இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. சூழலுக்கும் பங்கு இருக்கும்தான், ஆனால் பேச்சு இல்லாமல் அந்தப் பழக்கம் பிள்ளைக்கு எப்படி வந்து சேரும்?)

அதனால் மலாயையும் ஆங்கிலத்தையும் குறைக்காதீர்கள், தமிழுக்கு வேலை கொடுங்கள். கணக்கை வாய்விட்டுத் தமிழில் போடட்டும். பள்ளியில் யாரோடு சண்டை, ஏன் சண்டை என்பதைத் தாத்தாவிடம் தமிழில் முழுசாகச் சொல்லட்டும், இடையில் வார்த்தை வராமல் திணறினால் தாத்தா எடுத்துக்கொடுக்கட்டும், திட்ட வேண்டாம். அப்புறம் ஃபெர்ரியில் ஜார்ஜ்டவுனுக்குப் போகும்போது மேற்கே போகிறோமா கிழக்கே போகிறோமா என்று அவனிடமே கேளுங்கள்.