பல்லுக்கு நடுவுல ராவுறாங்களே டாக்டர், பரவாயில்லையா?

க்ளிப் போடுறத பத்தி முன்னாடி எழுதினதுக்கு வந்த கேள்விகள்ல திரும்பத் திரும்ப ஒரே விஷயம் வந்திருக்கு, பல்லுக்கு இடையில தேய்க்கிறது. அதனால இந்த தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: என் பொண்ணுக்கு 19 வயசு, கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கிறா. எட்டு மாசமா க்ளிப் போட்டிருக்கா. போன வாரம் டாக்டர் கீழ் முன்பல்லுக்கு நடுவுல மெல்லிசா ஒரு தகட்ட விட்டு முன்னும் பின்னும் இழுத்து ராவிட்டாராம். நாக்குல மாவு மாதிரி வெள்ளையா ஒட்டுச்சுன்னு போன்ல அழுதா. எதுக்குன்னு யாரும் சொல்லல. எனாமல் போனா பல்லே போயிடும்னு எங்க நாத்தனார் சொல்றாங்க. பணத்தையும் கட்டி நல்ல பல்லையும் கெடுத்துட்டோமாங்க?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: அம்மா, உங்க பயம் நியாயமானது, ஆனா அளவோட செஞ்சிருந்தா பொண்ணு பல்லுக்கு ஒண்ணும் ஆகாது. இத நாங்க ஐபிஆர்னு (இன்டர்ப்ராக்ஸிமல் ரிடக்ஷன், அதாவது பல்லுக்கு இடையில லேசா குறைக்கிறது) சொல்லுவோம், சில டாக்டருங்க ஸ்ட்ரிப்பிங்னு சொல்லுவாங்க. அந்த தகட்டுல, ஸ்ட்ரிப்னு சொல்றது, வைரத்தூள் ஒட்டியிருக்கும், மரத்த அரத்தால ராவுற மாதிரிதான், ஆனா எடுக்குறது ரொம்ப ரொம்ப கொஞ்சம். கீழ் முன்பல்லோட பக்கவாட்டுல எனாமல் சுமாரா அரை மில்லிமீட்டர்ல இருந்து முக்கால் மில்லிமீட்டர் கனம் இருக்கும், கடைவாய்ப் பல்லுல ஒரு மில்லிமீட்டருக்கு மேல. அதுல பாதிக்கு மேல எடுக்கக்கூடாதுங்கறதுதான் நாங்க வச்சிருக்கற எல்லை. அப்போ கீழ் முன்பல்லுன்னா ஒரு பக்கத்துக்கு கால் மில்லிமீட்டர். ஜெராக்ஸ் பேப்பர் ரெண்ட ஒண்ணா பிடிச்சுப் பாருங்க, அத விட ஒரு துளி கூட, அவ்வளவுதான். அந்த வெள்ளை மாவு எனாமல் தூள்தான், கண்ணுக்கு நிறைய தெரியும், கொஞ்சம் எச்சில்ல கலந்ததும் வாயெல்லாம் பரவுன மாதிரி இருக்கும், பாவம் புள்ள பயந்திருப்பா.

எதுக்கு எடுக்கறாங்கன்னா, இடம். ஆறு முன்பல்லுக்கு நடுவுல அஞ்சு இடுக்கு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பல்லும் சேர்ந்து அரை மில்லிமீட்டர் கிடைச்சா மொத்தம் ரெண்டரை மில்லிமீட்டர், கொஞ்சமா திரும்பி நிக்கிற பல்லு நேரா வர அது போதும். இன்னொரு காரணம், சிலருக்கு கீழ் பல்லு மேல் பல்லுக்கு பொருந்தாத அளவு அகலமா இருக்கும். அமெரிக்காவுல போல்டன்னு ஒரு டாக்டர் 1958ல இதுக்கு கணக்கே போட்டு வச்சிட்டார், கீழ் முன்பல் ஆறோட மொத்த அகலம் மேல் ஆறோட அகலத்துல 77.2 சதவீதம் இருந்தா ரெண்டும் சரியா கடிபடும்னு. அந்த கணக்குல கீழ கூடுதலா வந்தா, ராவாம எத்தனை வருஷம் கம்பி போட்டாலும் மேலயோ கீழயோ ஒரு இடத்துல சரியா வராது. பல்லு பக்கவாட்டுல தேயறது இயற்கையிலயும் நடக்கறதுதான், ஆஸ்திரேலிய ஆதிகுடி மக்களோட பல்லுங்க முரட்டு சாப்பாட்டால தேஞ்சு எடம் விட்டிருக்குன்னு பெக்ங்கற க்ளிப் போடுற பல் டாக்டர் 1954லயே எழுதியிருக்கார். அப்புறம் நார்வேல, கீழ் முன்பல்ல ராவிக்கிட்டவங்கள பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு கூப்பிட்டு பார்த்து 2007ல வெளியிட்டாங்க, ராவுனதால சொத்தையோ ஈறு நோயோ கூடல.

ஆனா உங்க நாத்தனார் சொன்னதுல ஒரு உண்மை இருக்கு. எனாமல் திரும்ப வளராது. நகம், முடி மாதிரி இல்ல, எலும்பு மாதிரி கூட இல்ல, அத உண்டாக்குன செல்லெல்லாம் பல்லு முளைக்கறப்பவே போயிடும். அதனாலதான் சொல்லாம செஞ்சது தப்புன்னு நான் சொல்றேன், அது எவ்வளவு சின்ன அளவா இருந்தாலும் சரி. நானும் படிச்சு முடிச்ச புதுசுல ஒரு பொண்ணுக்கு ஒரு வார்த்த சொல்லாம ஸ்ட்ரிப்ப எடுத்து ராவ ஆரம்பிச்சேன், பாதில அவ என் கைய இறுக்கிப் பிடிச்சு நிறுத்தினா, கண்ணுல தண்ணி. அந்த பிடி இன்னும் எனக்கு மறக்கல. அன்னைலேர்ந்து கண்ணாடிய கைல குடுத்து, எந்த இடுக்கு, எவ்வளவு, எதுக்குன்னு சொல்லி, சரின்னு சொன்னாதான் தொடுவேன்.

நீங்க அடுத்த தடவை கூடப் போங்க. எந்தெந்த இடுக்குல எத்தனை மில்லிமீட்டர் எடுத்தீங்கன்னு கேளுங்க, கேஸ் ஷீட்ல எழுதியிருக்கணும். இன்னும் எடுக்க வேண்டியது இருக்கான்னு கேளுங்க. ராவுன பிறகு நைசான ஸ்ட்ரிப் போட்டு பாலிஷ் பண்ணுனாங்களான்னும் கேளுங்க, ஏன்னா சொரசொரப்பா விட்டாதான் அழுக்கு ஒட்டும். இத வீட்டுலயே பார்க்கலாம், ஃப்ளாஸ் நூல அந்த இடுக்குல விட்டு இழுத்தா வழுக்கிட்டு வரணும், நூல் பிசிறுனாலோ அறுந்தாலோ போய் சொல்லி பாலிஷ் பண்ணிக்கணும். கோபமா இல்லாம கேளுங்க, நல்ல டாக்டர்னா சந்தோஷமா காட்டுவார்.

கேள்வி: எனக்கு நாலு பல் பிடுங்கணும்னு ஒரு டாக்டர் சொல்றார், இன்னொருத்தர் பிடுங்க வேணாம் ராவினா போதும்ங்கறார். யார நம்புறது?
(கல்லூரி மாணவர், தாம்பரம்)

பதில்: தம்பி, எத்தனை மில்லிமீட்டர் இடம் பத்தலன்னு ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க, பதில் அதுலதான் இருக்கு. பொதுவா 4 மில்லிமீட்டருக்குள்ளன்னா பிடுங்க வேண்டிய தேவை அபூர்வம், ராவியோ தாடையை கொஞ்சம் விரிச்சோ சமாளிச்சிடலாம். 10 மில்லிமீட்டர்னா ராவி எடுக்கவே முடியாது, ஒரு பக்கத்துக்கு ஒரு முன் கடைவாய்ப்பல்ல எடுத்தா சுமார் 7 மில்லிமீட்டர் கிடைக்கும், அதுதான் வழி. நடுவுல இருக்கறவங்களுக்குத்தான் ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா சொல்லுவாங்க, உதடு எவ்வளவு முன்னாடி துருத்திட்டு இருக்கு, ஈறு எப்படி இருக்குன்னு பார்த்து முடிவு பண்ணணும். இன்னொண்ணு, உங்களுக்கு ஏற்கனவே நிறைய சொத்தை இருந்தாலோ, ஒழுங்கா பல் விளக்காம ஈறு வீங்கியிருந்தாலோ அத சரி பண்ணாம யார் ராவ வந்தாலும் வேணாம்னு சொல்லுங்க.

கேள்வி: ஆன்லைன்ல அந்த ஸ்ட்ரிப் விக்குது. ஒரே ஒரு பல்லுதான் லேசா கோணல். நானே பண்ணிக்கலாமா?
(மதுரை)

பதில்: வேண்டவே வேண்டாம். எடுத்த அளவ கேஜ் போட்டு அளக்க உங்களால முடியாது, ஈறு கிழியும், கோணலா இருக்கற பல்லுல ஸ்ட்ரிப் தப்பான இடத்துல போய் பள்ளம் விழுந்துடும். நாங்களே பல்ல முதல்ல கொஞ்சம் திருப்பிட்டுதான் ராவுவோம். சும்மா ராவிட்டா பல்லு தானா நேராகாது, தள்ளுறதுக்கு கம்பியோ அலைனரோ (பல்லு மேல மாட்டுற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை) வேணும்.

கேள்வி: ராவுன பிறகு ஃப்ளோரைடு பேஸ்ட் போட சொல்றாங்க. எங்க ஊர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தின்னுதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு? எங்க பல்லெல்லாம் அதுல பழுப்பு விழுந்தது. அதையே மறுபடி வாயில வைக்கணுமா?
(ஆசிரியை, தருமபுரி)

பதில்: டீச்சர், இந்த கேள்விய உங்க ஊர்லேர்ந்து கேட்காம வேற யார் கேப்பாங்க, சின்ன வயசுலேர்ந்து அந்த தண்ணிய குடிச்சு கறை விழுந்த பல்லோட வளர்ந்தவங்க நீங்க. அந்த கறை, பல்லு தாடைக்குள்ள உருவாகிட்டு இருக்கற வயசுல தினமும் தண்ணி வழியா உடம்புக்குள்ள போனதால வந்தது. முளைச்சு முடிஞ்ச பல்லுல மேல தடவி துப்புறதால அது வராது. ராவுன இடத்துல எச்சில்ல இருக்கற கால்சியம் மறுபடி படிஞ்சு இறுகறதுக்கு ஃப்ளோரைடு உதவும். 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல ஆயிரம் பங்கு) ஃப்ளோரைடு இருக்கற பேஸ்ட் பட்டாணி அளவு போதும், விழுங்காம துப்புங்க, துப்பிட்டு வாய் நிறைய தண்ணி விட்டு கொப்புளிக்காதீங்க. வீட்டுல ஆறு வயசுக்குள்ள குழந்தை இருந்தா மட்டும் பேஸ்ட்ட எட்டாத இடத்துல வைங்க, குழந்தைங்க இனிப்புன்னு விழுங்கிடும்.

கேள்வி: ராவி மூணு நாள் ஆச்சு, மோர் குடிச்சாலே கூசுது. எவ்வளவு நாள் இருக்கும்?
(திருச்சி)

பதில்: சிலருக்கு சில நாள் அப்படி இருக்கும், போகப் போக குறைஞ்சிடும். ரெண்டு வாரம் தாண்டியும் குறையலன்னா, இல்ல ஒரே ஒரு பல்லுல சுருக்குனு குத்தற மாதிரி இருந்தா காட்டிடுங்க. அதுவரைக்கும் ஜில்லுனு எதுவும் வேணாம், எலுமிச்சை ஜூஸ், கோலா, புளிப்பு ஊறுகாய் கொஞ்சம் தள்ளி வைங்க. புளிப்பு சாப்பிட்ட உடனே பிரஷ் பண்ணாதீங்க, அரை மணி நேரம் போகட்டும். கரித்தூள், உப்பு, பல்பொடி போட்டு விரலால அழுத்தி தேய்க்கறத இப்போ நிறுத்திடுங்க. சாஃப்ட் பிரஷ், கூச்சத்துக்கான பேஸ்ட், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி இடுக்குல விடுற சின்ன பிரஷ். அந்த பிரஷ் லேசா உரசிட்டு போகணும், திணிச்சு தள்ளுற மாதிரி இருந்தா ஒரு சைஸ் சின்னதா மெடிக்கல்ல கேட்டு வாங்குங்க.