இருதயக் கேள்வி-பதில்: இடது கிளையில் பேஸ்மேக்கர்

அப்பாவுக்கு 68 வயது, இஎஃப் (இடது கீழறை ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 30. இடது கிளையில் கம்பி வைக்கும் புது முறையில் பேஸ்மேக்கர் வைக்கலாமா? (செந்தூல்)

ஈசிஜி எங்கே? இஎஃப்பை மட்டும் எழுதிவிட்டுப் பதில் கேட்காதீர்கள். இடது கிளை அடைப்பு (இருதய மின்பாதையின் இடது கிளையில் மின்சாரம் தடைபடுவது) இருந்து, கியூஆர்எஸ் (ஈசிஜியில் கீழறைகளின் அலை) 150 மில்லிசெகண்டைத் தாண்டி, இருதயப் பலவீனத்துக்கான மாத்திரைகளை முழு அளவில் மூன்று மாதம் சாப்பிட்டும் இஎஃப் 35-ஐத் தாண்டவில்லை என்றால் தாராளமாகப் பேசலாம்.

மூன்று கம்பி வைக்கும் சிஆர்டி என்ற பேஸ்மேக்கர் முறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? (பட்டர்வொர்த்)

சிஆர்டியில் இரண்டு கீழறைகளின் தசையையும் இரு பக்கமிருந்து தூண்டுகிறோம். சுமார் மூன்றில் ஒருவருக்குச் சரியான பலன் கிடைப்பதில்லை. புது முறையில் இருதயத்தின் சொந்த மின்பாதையையே பிடிக்கிறோம். வலது கீழறையிலிருந்து நடுச்சுவருக்குள் கம்பியைத் திருகும்போது என் கண் ஈசிஜியின் வி1 என்ற மார்புப் பதிவில்தான் இருக்கும். முதலில் அலை டபிள்யூ மாதிரி தெரியும். கம்பி உள்ளே போகப் போக அதன் நடு மடிப்பு மேலேறி, கடைசியில் சின்னதாக ஓர் ஆர் அலை எழும். அங்கே நிறுத்திவிட வேண்டும், மேலும் திருகினால் சுவரைத் துளைத்துவிடும்.

2000 வாக்கில் கம்பியை ஹிஸ் பண்டிலில் (மின்பாதை இரு கிளையாகப் பிரிவதற்கு முன் உள்ள தண்டில்) வைத்தார்கள். அங்கே தேவைப்படும் மின்னழுத்தம் பலருக்குப் போகப் போக ஏறி, பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. 2017-இல் சீனாவின் வெய்ஜியான் ஹுவாங் குழு இடது கிளையைப் பிடித்துக் காட்டிய பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் நீண்டகாலப் பெரிய ஆய்வுகளின் பலம் இன்னும் சிஆர்டி பக்கம்தான்.

அண்ணனுக்கு இடது கிளையில் வைத்தார்கள். இஎஃப் 25-லிருந்து 50 ஆகிவிட்டது. மாத்திரைகளை நிறுத்திவிட்டார். சரிதானே? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

சரியே இல்லை. இந்தக் கடிதம் எனக்கு வேறு வேறு பெயரில் வந்துகொண்டே இருக்கிறது, படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பேஸ்மேக்கர் துடிப்பின் ஒழுங்கைத்தான் சரிசெய்யும். தசையைக் கெடுக்கும் ஹார்மோன்களை அடக்கி வைப்பது பைசோபுரோலோலும் ஸ்பைரோனோலாக்டோனும் மற்ற மாத்திரைகளும். இஎஃப் ஏறியதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. இருதயத் தசைப் பலவீனத்திலிருந்து தேறியவர்களுக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2019-இல் வந்தது. ஆறே மாதத்தில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் நோய் திரும்பியது. அதுவும் மருத்துவர் மேற்பார்வையில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து! உங்கள் அண்ணன் தானாகவே நிறுத்தியிருக்கிறார்.

கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுகிறதா? படுக்க மூன்று தலையணை வேண்டியிருக்கிறதா? மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறியதா? ஒன்று இருந்தாலும் இன்றைக்கே அழைத்துப் போங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கட்டும். பழைய அளவில் அவராகவே திரும்பத் தொடங்கவும் வேண்டாம்.

அம்மாவுக்குச் சாதாரண பேஸ்மேக்கர் வைத்துப் பத்து வருடம். இப்போது மூச்சு வாங்குகிறது. (ஜெலுத்தோங்)

பேஸ்மேக்கரே காரணமாக இருக்கலாம். வலது கீழறையை அது அதிகமாக, சுமார் 20 சதவீதத்துக்கு மேல், துடிக்க வைத்தால் சிலருக்கு இஎஃப் இறங்கும். எக்கோ (இருதய ஸ்கேன்) எடுங்கள், கருவியையும் சோதிக்கச் சொல்லுங்கள். பேட்டரி மாற்றும்போதே இடது கிளைக்கு ஒரு கம்பி சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

கைத்தொலைபேசி?

கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி. சட்டைப்பையில் வேண்டாம்.

பேஸ்மேக்கர் வைத்தவர் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா? (பினாங்கு)

வைத்து ஆறு வாரம் ஆகும்வரை அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, கம்பி நகர்ந்துவிடும். அப்புறம் மருத்துவர் சரி என்றால் எடுக்கலாம். தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்கள். விரதம் என்று மாத்திரையை விடாதீர்கள். டாபாக்லிஃப்ளோசின் (இருதயப் பலவீனத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் தரும் மாத்திரை) சாப்பிடுபவர்கள் பட்டினி விரதத்துக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.