வளையங்களும் எக்ஸெலும் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு நிறுவனத்தின் அறிக்கைப் பிரிவில் பணிபுரிகிறேன். பவர் பிஐ என்ற அறிக்கை மென்பொருளில் உள்ள வழக்கமான வரைபடங்கள் சலித்துப்போனதால், நிரல் எழுதிப் படம் வரைய உதவும் டி3 நூலகத்தைக் கற்று, கிளைகள் ஒவ்வொன்றும் தன் விற்பனை இலக்கில் எவ்வளவு எட்டியிருக்கிறது என்பதை ஒன்றுக்குள் ஒன்றான வளையங்களாகக் காட்டும் காட்சியொன்றை உருவாக்கினேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் மேலாளர்கள் பக்கத்தைத் திறந்ததும் தரவை எக்ஸெலில் இறக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் டி3-ஐ இன்னும் ஆழமாகக் கற்க வேண்டுமா, பவர் பிஐக்குள்ளேயே படங்களை வடிவமைக்க உதவும் டெனெப் போதுமா? எந்த வண்ணங்கள் பொருந்தும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டெனெப்பில் முடிவதை அதிலேயே செய்யுங்கள். முடியாதபோது டி3-க்குப் போகலாம். வண்ணத்தில், நல்லது கெட்டதைச் சிவப்பும் பச்சையும் மட்டுமே சொல்லும்படி விடாதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த அலுவலகத்திலும் இருப்பார்கள்.

எக்ஸெலைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை இந்தப் பதிலுக்கு உட்கார வைத்தது. அதை மேலாளர்களின் ரசனைக் குறைவாக எண்ணி வருந்துகிறீர்கள். அது உங்கள் படைப்புக்குக் கிடைத்த மிக நேர்மையான விமர்சனம். கூட்டத்தில் கைதட்டியவர்கள் உங்கள் உழைப்பை மதித்தார்கள். வேலை நேரத்தில் அவர்களுக்கு விடை வேண்டியிருந்தது, வளையங்களில் அது கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்று பாருங்கள். வெளிவளையத்தின் ஆரம் உள்வளையத்தின் ஆரத்தைப்போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். உள்வளையத்துக் கிளை தன் இலக்கை முழுவதும் எட்டிவிட்டது; வெளிவளையத்துக் கிளை பாதியைத்தான் எட்டியிருக்கிறது. ஆனாலும் திரையில் அந்தப் பாதி வில்தான் நீளம், அதுவும் முழு வளையத்தைவிட ஒன்றரை மடங்கு. கோணத்தைத்தான் ஒப்பிட வேண்டும் என்று நீங்கள் வாதிடலாம். கண் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை, நீளத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. புள்ளியியலாளர்கள் க்ளீவ்லாண்டும் மெக்கில்லும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவுகோலின்மீது அமைந்த புள்ளிகளை மனிதர்கள் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள் என்றும், கோணமும் பரப்பும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன என்றும் காட்டியது. நாற்பது ஆண்டுகளாகக் கண்முன் இருக்கும் முடிவைப் புறக்கணித்துவிட்டு, வழக்கமான படம் சலித்துவிட்டது என்கிறீர்களே, யாருக்குச் சலித்தது? வரைந்த உங்களுக்குத்தான்.

நான் அறிக்கை வேலையில் இருந்தபோது, கணக்குப் பிரிவின் மூத்த அதிகாரி ஒருவர் இப்படியொரு வட்டப்படத்தின் எதிரே அமர்ந்து, மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்துத் திரையின்மீதே வைத்து இரண்டு விற்களின் முனைகளை அளக்க முயன்றதைக் கண்டேன். வளைந்த கோட்டில் ஸ்கேல் எங்கே படியும்? சற்று நேரம் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எண்களைக் காகிதத்தில் எழுதத் தொடங்கினார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே அடிக்கோட்டில் நிற்கும் இரண்டு பட்டைகள்.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வட்டத்தைத்தானே வரைந்தார் என்று கேட்பீர்கள். கிரிமியப் போரில் காயங்களால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிக அதிகம் என்பதை, மாதம் மாதமாக, அதிகாரத்தில் இருந்தவர்கள் மறுக்க முடியாதபடி அவர் காட்ட வேண்டியிருந்தது. அந்த வேறுபாடு மிகப் பெரியது. எந்த வடிவமும் அதைத் தாங்கும். உங்கள் கிளைகளுக்கிடையே உள்ள வேறுபாடு சில சதவீதம்தான் என்றால், வளையம் அதை விழுங்கிவிடும்.

உங்கள் திறமையை நான் சந்தேகிக்கவில்லை. டி3-இல் வளையங்களை எழுதி முடிப்பது எளிய வேலையல்ல. அந்தக் கையைக் கொண்டு கிளைக்கொரு கிடைமட்டப் பட்டை வரையுங்கள். இலக்குக்கு ஒரு குறுக்குக்கோடு, சென்ற ஆண்டின் அளவுக்கு ஒரு சிறு புள்ளி, இலக்கிலிருந்து மிகவும் பின்தங்கிய கிளை மேலே. வரைவதற்கு முன், ஒரு மேலாளரின் அருகில் அமர்ந்து, எக்ஸெலில் இறக்கியதும் அவர் முதலில் எந்த நெடுவரிசையை வரிசைப்படுத்துகிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.