காட்டுக்குக் குடிபோறீங்களா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. நானும் சம்சாரமும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினைந்து வருடம் வேலை பார்த்துச் சேர்த்த காசில் காங்கேயம் பக்கம் இரண்டரை ஏக்கர் மேட்டாங்காடு (மானாவாரி மேட்டு நிலம்) வாங்கியிருக்கிறோம். ஒரு போர்வெல் இருக்கிறது, சுற்றிலும் கிளுவை முள்மரத்தால் ஆன உயிர்வேலி. ஜேசிபி விட்டு வேலியை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போட்டு, முழுக்கத் தென்னை வைத்து, வீட்டையும் கட்டித் தைக்குள் குடிபோகலாம் என்று இருக்கிறோம். எதை முதலில் செய்வது?
– திருப்பூர் வாசகர்

பதில்: தம்பி, முதலில் அந்த ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். நான் குடிவந்த வருடம் இதே காரியத்தைச் செய்தவன். மேற்கு ஓரத்துக் கிளுவையை ஒரே நாளில் வழித்துவிட்டுக் கல்லுக்கால் நட்டு, பார்க்க என்னமோ சுத்தமாகத்தான் இருந்தது. ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தடுக்க ஆளில்லாமல் உள்ளே புகுந்து, உழுது போட்டிருந்த மேல்மண்ணைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுத்தது. தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலையைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? மறுவருடம் மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து (கிளைத் துண்டு) வெட்டி வந்து நட்டு, அது வேலியாக அடைந்து நிற்க நாலைந்து வருடம் ஆனது.

உங்கள் காடு இதுவரை கொறங்காடாக, அதாவது மேய்ச்சல் நிலமாக, இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கொழுக்கட்டைப் புல்லும் நடுவே நாலு வெள்வேல மரமும் நின்றால் அதுதான். அதைப் பார்த்து ‘சும்மா கிடந்த நிலம்’ என்று விற்றவரே சொல்லியிருப்பார். சும்மா கிடக்கவில்லை. ஆட்டையும் மாட்டையும் பட்டியில் அடைத்துத் தீனி வாங்கிப் போடாமல் வளர்ப்பதற்காகவே நம்மவர்கள் வைத்திருந்த ஏற்பாடு அது. மழை குறைந்த பூமியில் அதைவிடச் செலவில்லாத பண்ணையம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு தடவை உழுது புரட்டிவிட்டால் அந்தப் புல் பழையபடி வர வருடக்கணக்காகும்.

தென்னைக்கு வருவோம். 25 அடிக்கு ஒன்று வைத்தால் ஏக்கருக்கு 70, இரண்டரை ஏக்கருக்கு 175 மரம். சொட்டு நீரே போட்டாலும் காய்ப்புக்கு வந்த மரத்துக்குக் கோடையில் நாளைக்கு 65 லிட்டராவது வேண்டும். ஆக மொத்தம் 11,000 லிட்டருக்கு மேல், அதுவும் தினமும். உங்கள் போர் கொடுக்குமா? ஐப்பசியில் போரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அப்போது எல்லாப் போரும் நல்ல போர்தான். சித்திரையில் இரண்டு மணி நேரம் மோட்டாரை விடாமல் ஓட்டி, அதன்பிறகு 200 லிட்டர் டிரம்மை வைத்து எத்தனை நிமிடத்தில் நிறைகிறது என்று பாருங்கள். நாலு நிமிடம் என்றால் மணிக்கு 3,000 லிட்டர், கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஓட்டினால் மரம் பிழைக்கும். பத்து நிமிடம் என்றால் தென்னையை மறந்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பத்து மரம் வையுங்கள், போதும். தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள், நம் பக்கம் ஆழம் போகப் போக உப்பு ஏறுகிறது.

வீடு? ஒரு வருடம் திருப்பூரிலிருந்தே வந்து போங்கள். ஓட்டுச் சாளை (சின்னக் குடில்) ஒன்று போட்டு ஆடியில் நாலு ராத்திரி, கார்த்திகை மழையில் நாலு ராத்திரி தங்கிப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, காற்று எந்த ஜன்னலை அடிக்கிறது என்பதெல்லாம் இஞ்சினியருக்குத் தெரியாது. சம்சாரத்துக்கு அந்த இருட்டு ஒத்துவருகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும், அதைக் கேட்காமல் கட்டிய வீடுகள் எங்கள் ஊரில் இரண்டு பூட்டிக் கிடக்கின்றன.

கேள்வி: கவுந்தப்பாடி பக்கம் மூன்று ஏக்கர் பார்த்திருக்கிறோம். வாய்க்கால் பாசனம், வருடம் முழுக்கத் தண்ணீர் என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
– பெங்களூரு வாசகர்

பதில்: வாய்க்கால் இருப்பது உண்மை. வருடம் முழுக்க என்பது புரோக்கர் கணக்கு. பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்காலுக்கு 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம். அதை ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்டில் திறந்து நெல்லுக்கும், மறு பாதிக்கு ஜனவரி வாக்கில் கடலை, எள்ளுக்கும் விடுகிறார்கள். முறை மாறிமாறி வரும், அதுவும் அணை நிறைந்தால்தான். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனையாவது மதகு, நிலம் கடைமடையா என்பது. நிலத்துக்குக் கிணறு இருந்தால், வாய்க்கால் அடைத்த பிறகு அதில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்றும் பாருங்கள். அந்தப் பக்கத்துக் கிணறுகள் வாய்க்கால் கசிவில்தான் உயிரோடு இருக்கின்றன, வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று விவசாயிகளே இரண்டு கட்சியாக நின்றதும் அதனால்தான்.

கேள்வி: அண்ணா, நாங்கள் வாங்கிய தோட்டத்தின் நடுவே பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டி ஓட்டிப் போகிறார். கேட்டைப் பூட்டினோம். இப்போது யாரும் எங்களோடு பேசுவதில்லை, தேங்காய் போடக்கூட ஆள் வரமாட்டேன் என்கிறார்கள்.
– கோவை வாசகி

பதில்: வராமல்தான் இருப்பார்கள் அம்மிணி. கிரயப் பத்திரத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரத்தை ஒருமுறை வாசியுங்கள். ‘மாமூல் தடபாத்தியம்’ என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் அந்தத் தடம் அவருக்குப் பாத்தியப்பட்டது, பூட்டியது உங்கள் தப்பு. இல்லையென்றாலும் அவருடைய பத்திரத்தில் இருக்கலாம், பல தலைமுறையாகப் போய்வருவதை வைத்துக் கோர்ட்டுக்கும் போகலாம். அப்படியே கிணற்றில் உங்களுக்கு எத்தனை பாகம், தண்ணீர் முறை எந்தக் கிழமை என்பதையும் பாருங்கள், கூட்டுக் கிணறாக இருந்தால் அடுத்த சண்டை அங்கேதான் வரும்.

பத்திரம் என்ன சொன்னாலும் இன்று சாயங்காலமே பூட்டைத் திறங்கள். நீங்களும் வீட்டுக்காரரும் நேரில் போங்கள், டிரைவரை அனுப்பாதீர்கள். அங்கே பெரியவர் யாராவது இருப்பார், ‘ஏனுங்க பெரியப்பா, ஊர் வழக்கம் தெரியாமப் பண்ணிட்டோம்’ என்று சொன்னால் பாதி கோபம் அங்கேயே இறங்கிவிடும். தடத்தை ஓரமாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்பதை ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மோட்டாருக்கு வரும் இலவச மின்சாரத்தில் வீட்டுக்கும் ஒரு ஒயர் இழுத்துக்கொள்ளலாமா? பாம்பு பயமும் இருக்கிறது.
– ஈரோடு வாசகர்

பதில்: இழுக்கக் கூடாது. அது விவசாயத்துக்கு மட்டும், பிடித்தால் அபராதம். வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்குங்கள். பாம்புக்கு: ராத்திரி டார்ச் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள், மட்டையையும் செங்கலையும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: குடிபோனதும் ஒரு காங்கேயம் பசு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொந்தப் பால் கொடுக்க ஆசை.
– சேலம் வாசகி

பதில்: எனக்கும் அந்த மாட்டைப் பார்த்தால் கண் நிறைந்துவிடும், ஆனால் அது பாலுக்கென்று வந்த இனமில்லை. உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது. கன்று குடித்தது போக இரண்டு லிட்டர் கறந்தால் சந்தோஷப்படுங்கள். பிள்ளைகள் குடிக்க அது போதும், விற்றுத் தவிட்டுக் காசு எடுக்கலாம் என்று கணக்குப் போட்டால்தான் வம்பு. கட்டுத்தரை கூட்ட, தண்ணீர் காட்ட, கறக்க என்று காலையும் சாயங்காலமும் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். ஆகவே முதல் வருடம் நாலு செம்மறி வாங்கி விட்டுப் பாருங்கள். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பழனிக்கு நடந்து போகிற நாட்களில் அந்த நாலையும் பட்டியில் அடைத்து மேய்த்துத் தர ஒரு பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிக்கிறார் என்றால், பசு வாங்கலாம்.